குதிரைப் பாதை வழியாகக் கணவாய்க்கு

கல்யாணமான நாளிலிருந்தே என் கணவர் எனக்கு நாலடி முன்னால்தான் நடப்பார். கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்க ரங்கநாதன் தெருவுக்குப் போனால், அந்த நெரிசலில் அவருடைய சட்டை நிறத்தைக் கண்ணில் பிடித்துக்கொண்டு நான் பின்னால் ஓடுவேன். ஒருமுறை மாம்பலம் ஸ்டேஷனில் தாம்பரம் போகிற ரயிலில் அவர் ஏறிவிட்டார். நான்கு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் கூட்டத்தில் சிக்கி நடைமேடையிலேயே நின்றுவிட்டேன். ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலைப் பிடித்து மைத்துனர் வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் காபி குடித்து முடித்திருந்தார். "நீ ஏறிட்டேன்னு நெனச்சேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு பல வருடங்கள் அதை நானே சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். குடும்பத்தில் ஒரு விஷயம் வேடிக்கைக் கதையாகிவிட்டால் அதற்கு யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

நாங்கள் சாந்தோம் மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர்கள். மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் இருபத்தாறு வருடமாக நான் கணக்கு டீச்சர். அவருக்கு தி. நகரில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. ஐம்பத்தைந்து வயதில் அவருக்குச் சர்க்கரை கூடிவிட்டது. டாக்டர் நடக்கச் சொன்னார். முதலில் பூங்காவில் நாலு சுற்று, பிறகு பெசன்ட் நகர் கடற்கரையில் விடிகாலை நடை. அங்கே அடையாற்றிலிருந்து வருகிற ஒரு குழுவோடு பழக்கமானது. மாதம் ஒரு மலை ஏறுகிறவர்கள். அவரும் போக ஆரம்பித்தார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நியாயமாகாது. அந்த ஒரு வருடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவருக்குத் தொப்பை குறைந்தது. சாப்பாட்டுத் தட்டின் முன் எரிந்து விழுவது நின்றது. ராத்திரிச் சாப்பாட்டின்போது ஏதோ ஓடை, ஏதோ பாறை என்று சின்னப் பையன் மாதிரி சொல்லிக்கொண்டிருப்பார். மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகு அந்த மேஜையில் அவ்வளவு பேச்சு நடந்ததில்லை. ஒரு நாள் அவரே, "அடுத்த மாசம் தேனிப் பக்கம் ஒரு கணவாய்க்குப் போறோம். ஒரே நாள்தான், ஏறி இறங்கிடலாம். நீயும் வர்றியா?" என்று கேட்டார். அவர் என்னை எங்காவது கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசிப்பதற்குள் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வலது முட்டி எனக்கு ஏற்கெனவே வலிக்கும். கால் நூற்றாண்டாகக் கரும்பலகை முன் நிற்கிற கால். அதனால் ஒரு மாதம் பயிற்சி எடுத்தேன். பள்ளி விட்டதும் திருமயிலை ஸ்டேஷன் படிகளில் ஏறி இறங்குவேன். ரயிலுக்குப் போகிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இருவரும் பரங்கிமலைக்குப் போவோம். சிலுவைப்பாதைக்கு நான் சின்ன வயதிலிருந்து ஏறுகிற படிகள்தான். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மேலே நிற்பார். "நான் ஏழு நிமிஷம். நீ பதினொண்ணு" என்பார். பாண்டி பஜாரில் அவருக்கு மலையேறுகிற ஷூ வாங்கினோம். எனக்கும் பார்க்கலாம் என்று கடைக்காரர் எடுத்து வைத்தபோது, "இவங்களுக்கு ஒரு நாளைக்குத்தான். ஸ்கூலுக்குப் போடறதே போதும்" என்றார் என் கணவர். எனக்கும் அப்போது அது சரியாகத்தான் பட்டது.

வேன் ராத்திரி அடையாற்றிலிருந்து கிளம்பியது. எங்களோடு பன்னிரண்டு பேர். குழுவை நடத்துகிறவர் முப்பது வயதுக்காரர், சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. அமைதியான பிள்ளை. மறுநாள் காலை மலையடிவாரக் கிராமத்தில் இறங்கி, டீ குடித்து முடித்ததும் எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்துப் பேசினார்.

"வழிகாட்டி ஒருத்தர்தான் இருக்காரு. அதனால யாருக்காவது முடியலன்னா உடனே சொல்லிடுங்க. சங்கடமே வேண்டாம். குரூப்பே திரும்பிடும். மலை எங்கயும் போயிடாது, அடுத்த மாசம் வரலாம். யாரையும் தனியா விட்டுட்டுப் போறது மட்டும் கிடையாது."

எல்லோரும் தலையாட்டினோம். என் கணவரும்தான்.

அந்த மலையில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, வெள்ளைக்காரன் காலத்தில் மேலேயுள்ள எஸ்டேட்டிலிருந்து குதிரைகளில் தேயிலைப் பெட்டி இறக்குவதற்காகப் போட்ட பாதை. ஓரமெல்லாம் கல் அடுக்கி, குதிரைக்கு மூச்சு வாங்காத அளவுக்குச் சரிவு வைத்து, வளைந்து வளைந்து போகும். மலைக்கு அந்தப் பக்கம் மோட்டார் ரோடு வந்ததும் இதைக் கைவிட்டுவிட்டார்கள். இன்னொன்று, அந்த வளைவுகளையெல்லாம் விட்டு விலகி நேராக ஏறுகிற ஒற்றையடிப் பாதை. எங்கள் குழு குறுக்குப் பாதையில்தான் ஏறியது. சீக்கிரம் போகலாம் என்பதற்காக.

முதல் ஒரு மணி நேரம் நான் நன்றாகவே ஏறினேன். பரங்கிமலைப் படிகள் வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பிறகு முட்டிக்குள் ஏதோ பிசகினாற்போல இருந்தது. ஒவ்வொரு உயரமான கல்லிலும் இடது காலை வைத்து வலது காலை இழுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. நாங்கள் இருவரும் வரிசையின் கடைசிக்கு வந்துவிட்டோம். மற்றவர்களின் பேச்சுச் சத்தம் மேலே போய்க்கொண்டே இருந்தது.

பாதி வழியில் குறுக்குப் பாதை குதிரைப் பாதையைத் தொடுகிற ஓரிடம் உண்டு. அந்தக் காலத்தில் குதிரைகள் தண்ணீர் குடித்த நீளமான கல்தொட்டி, அதன் பின்னால் கூரை போன ஒரு கட்டடம், நாலு சுவர் மட்டும். அங்கே போய்ச் சேர்ந்தபோது மணி பத்தேகால். குழு கிளம்பிப் போயிருந்தது. நான் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தேன். அவர் உட்காரவில்லை. மேலே பார்த்தபடி நின்றார்.

"வலிக்குதா?"

"கொஞ்ச நேரம் உக்காந்தா சரியாயிடும்."

"கொஞ்ச நேரம்னா? அவங்க போயிக்கிட்டே இருக்காங்க." கடிகாரத்தைப் பார்த்தார். "ஒண்ணு பண்ணு. நீ இங்கயே உக்காந்திரு. நான் மேல போயிட்டு ரெண்டு ரெண்டரை மணிக்குள்ள வந்துடறேன். திரும்பும்போது சேர்ந்து இறங்கலாம்."

"அவரு தனியா விடக்கூடாதுன்னு சொன்னாரே."

"அதை நான் பேசிக்கறேன். உன்னால பன்னெண்டு பேரும் திரும்பணுமா? நல்லாவா இருக்கும்?"

நல்லாயிருக்காதுதான். அவர் ஒரு தண்ணீர் பாட்டிலையும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டையும் எடுத்துக் கொடுத்தார். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே பை. அது அவர் முதுகில். என்னுடைய செல்போனும், முந்தின நாள் சாயங்காலம் நான் கிளறிய புளிசாதமும் அதற்குள் இருந்தன. இரண்டும் அவரோடு மேலே போயின. நாலு கல் ஏறியதும் மறைந்துவிட்டார்.

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சுவரில் யாரோ கரியால் எழுதிய காதலர் பெயர்களைப் படித்தேன். பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வுக்கு என்னென்ன கணக்கு கொடுக்கலாம் என்று யோசித்தேன். பயமாக இல்லை. ஆனால், திருவிழாவில் செருப்பைப் பார்த்துக்கொள்ள உட்காரவைத்த ஆளைப் போல ஓர் எரிச்சல் வந்து வந்து போனது.

அப்போதுதான் கீழேயிருந்து, குதிரைப் பாதை வளைவில், ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி தானாக நடந்து வந்தது. கிட்டே வந்தபோது, அதைத் தலையில் கவிழ்த்துச் சுமந்து வருகிற ஒரு பெண் தெரிந்தாள். நாற்பது வயதிருக்கும். ஆண்கள் சட்டையைப் புடவைமேல் போட்டிருந்தாள். நாற்காலியை இறக்கி வைத்துவிட்டு, தொட்டிக்கு மேலே பாறையிலிருந்து வடிகிற தண்ணீரை அள்ளிக் குடித்தாள்.

"என்னக்கா, தனியா உக்காந்துருக்கீங்க? கூட வந்தவுக எங்க?"

"மேல போயிருக்காங்க. எனக்கு முட்டி வலி. இங்க இருக்கச் சொன்னாங்க."

"குறுக்குல ஏறுனீங்களாக்கும்? அது ஆட்டுக்கும் எளவட்டத்துக்கும் போட்ட வழி. ரோட்டோட வந்தா முட்டி ஒண்ணும் பண்ணாதுக்கா. குதிரைக்குன்னு போட்டதுல்ல, ஏறுறதே தெரியாது. என்ன, தூரம் சாஸ்தி."

மேலே எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறாளாம். கீழே தங்கச்சி வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்புகிறாள். பஸ்ஸில் சுற்றிப்போனால் முழுநாள் ஆகும், நாற்காலியை ஏற்றவும் மாட்டார்கள். புருஷன் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு விட்டுப்போய், தரையில் உட்கார்ந்தால் எழ முடிவதில்லை. அதற்காகத்தான் நாற்காலி. இதையெல்லாம் அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, "அவரு நல்லா இருந்த காலத்துல செத்த உக்காருடின்னு என்னைய ஒருநாள் சொன்னதில்ல" என்று சேர்த்துக்கொண்டாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்யும்போலிருக்கிறது என்பதைப் போலச் சொன்னாள்.

எழுந்து நாற்காலியைத் தலைக்கு ஏற்றினாள். "வர்றீங்களா?"

நான் எழுந்துவிட்டேன். அந்த நிமிஷம் நான் எதையும் யோசித்து முடிவெடுக்கவில்லை. கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாம், முடியாவிட்டால் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

அவள் சொன்னது உண்மை. குதிரைப் பாதையில் ஏறுவதே தெரியவில்லை. புல் மண்டி, அங்கங்கே ஓரக்கல் சரிந்து கிடந்தாலும், பாதம் முழுவதுமாகத் தரையில் பதிந்தது. எந்த இடத்திலும் முட்டியை உயர்த்த வேண்டியிருக்கவில்லை. வளைவு முடிந்து இன்னொரு வளைவு, அது முடிந்து இன்னொன்று. ஒவ்வொரு வளைவிலும் கீழேயுள்ள ஊர் இன்னும் சின்னதாகத் தெரிந்தது. அவள் எனக்காக வேகத்தைக் குறைத்தாள் என்பது ரொம்ப நேரம் கழித்துத்தான் புரிந்தது. பக்கத்தில் ஒருவர் நடப்பது எனக்குப் பழக்கமில்லாத விஷயம். நான் அடிக்கடி பின்வாங்கினேன். அவள் நின்று, நான் வரும்வரை காத்து, மறுபடி பக்கத்தில் நடந்தாள்.

ஒரு மணிக்கு மேல் மேகம் இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் வெள்ளையாக இருந்தது. அப்போது பேச்சுச் சத்தம் கேட்டது. எங்களுக்கு இடது பக்கம், கொஞ்சம் கீழே, குறுக்குப் பாதையில் எங்கள் குழு இறங்கிக்கொண்டிருந்தது. கல் உருளுகிற சத்தம், யாரோ "பாத்து, பாத்து" என்பது, அப்புறம் என் கணவரின் குரல். ஏதோ ஆபீஸ் கதை. மேனேஜரைப் போல இழுத்துப் பேசிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "உங்க ஆளுகளா?"

நான் வாயைத் திறந்தேன். ஒரு குரல் கொடுத்தால் போதும், நின்றிருப்பார்கள். நாற்பது பிள்ளைகளை அடக்குகிற குரல் எனக்கு. ஆனால் கூப்பிட்டால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். 'இங்க எப்படி வந்த?' என்பார். இறங்கச் சொல்வார்கள். கணவாய் இன்னும் நாலைந்து வளைவுதான் என்று அவள் சற்றுமுன்தான் சொல்லியிருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். சிரிப்புச் சத்தம் கீழே போய்த் தேய்ந்தது. இதை நான் யாரிடமும் மறைக்கப் போவதில்லை. கூப்பிடவில்லை. தெரிந்தேதான் கூப்பிடவில்லை.

தொட்டிக்கு வந்து நான் இல்லாததைப் பார்த்தால் தேடுவார், கூப்பிடுவார், அங்கேயே காத்திருப்பார் என்று நினைத்தேன். கொஞ்சம் காத்திருக்கட்டுமே என்றும் நினைத்தேன்.

இரண்டேகாலுக்குக் கணவாய்க்குப் போய்ச் சேர்ந்தோம். இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஒரு புல்வெளி இடுக்கு, ஒரு பழைய எல்லைக்கல், மஞ்சள் பூசிய மூன்று கன்னிமார் கற்கள். அவ்வளவுதான். புல்லில் புதிதாகச் சாப்பிட்ட தடம் இருந்தது. ஆரஞ்சுத் தோல், ஒரு காகிதத் தட்டு, அதில் ஒட்டியிருந்த நாலைந்து புளிசாதப் பருக்கை. என் வேர்க்கடலை. நான் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு தட்டை எடுத்து மடித்து, பிஸ்கட் உறையோடு சேர்த்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அவள் நாற்காலியை இறக்கிப் புல்லில் வைத்தாள். கைத்துண்டால் ஒருமுறை துடைத்தாள்.

"உக்காருங்கக்கா."

"புதுசு, நீங்க அவருக்காக வாங்கினது."

"உக்காந்தா தேஞ்சா போகும்? உக்காருங்க."

உட்கார்ந்தேன். காற்று பலமாக அடித்து மேகத்தை விலக்கியது. ஒரு பக்கம் எஸ்டேட்டின் பச்சை, தகரக் கூரைகள், உச்சியில் சிலுவை வைத்த ஒரு சின்ன வேதக்கோயில். இன்னொரு பக்கம் நான் ஏறிவந்த மலை முழுவதும், அதன்மேல் குதிரைப் பாதையின் கோடு மடங்கி மடங்கிக் கீழே சமவெளிவரை. அவ்வளவையும் இந்தக் காலோடு நடந்து வந்திருக்கிறேன் என்று நினைத்தபோது அழுகை வந்தது. அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வெற்றிலை போட்டாள். ஐந்து நிமிடம் இருக்கும். என் வாழ்க்கையில் அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றி எனக்கு யார்மேலும் புகார் இல்லை.

பிறகு அவள் நாற்காலியைத் தலைக்கு ஏற்றிக்கொண்டாள். "ரோட்டை விட்டு எறங்காதீங்க. மேகம் வந்தா நின்னுருங்க, கலைஞ்சதும் நடங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் இறங்கினாள். பெயரைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது அவள் குரலுக்கு எட்டாத தூரம் போயிருந்தாள்.

இறக்கம்தான் முட்டியைக் கொன்றது. ஏறும்போது தெரியாத வலி ஒவ்வொரு அடியிலும் ஆணி அடித்தது. கீழே கிடந்த ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு நடந்தேன். தொட்டிக்கு வந்தேன். அங்கே யாரும் இல்லை. "ஏங்க" என்று இரண்டுமுறை கூப்பிட்டேன். கூரையில்லாத கட்டடத்துக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரு துண்டுக் காகிதம், ஒரு அடையாளம், எதுவும் இல்லை. அப்போதுதான் முதல் தடவையாகப் பயந்தேன்.

இன்னும் அரை மணி நேரம் இறங்கியபின் கீழேயிருந்து வழிகாட்டி வந்தார். அறுபது வயதுக்காரர். ஓட்டமும் நடையுமாக, இரைக்க இரைக்க. என்னைப் பார்த்ததும் அப்படியே கல்லில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தாயி, நீங்க வேன்ல இருக்கீங்கன்னுல்ல சொன்னாக."

"யாரு சொன்னது?"

"உங்க வீட்டய்யாதான். மேல போகயில கேட்டாரு, உங்களக் கூட்டியாந்த தம்பி, அம்மா எங்கன்னு. கீழ எறங்கிட்டாக, டிரைவருக்குப் போன் பண்ணிட்டேன், பத்திரமா வேன்ல இருக்காகன்னு சொன்னாரு. இப்பப் போயிப் பாத்தா வேன்ல நீங்க இல்ல. டிரைவரு போனே வரலங்காரு. அந்தத் தம்பிக்கு முகமே செத்துப்போச்சு."

என்னிடமிருந்த தண்ணீரைக் கொடுத்தேன். குடித்துவிட்டு, தயங்கித் தயங்கி இன்னொன்றையும் சொன்னார்.

"எறங்கையில தொட்டிகிட்ட வந்தப்ப, ஐயா மட்டும் பின்னால தங்கி அந்தச் சொவத்துக்குள்ள போயி எட்டிப் பாத்துட்டு வந்தாரு. ஒண்ணுக்குப் போறாராக்கும்னு நெனச்சேன். அப்புறம் வெரசா எங்களோட வந்து சேந்துக்கிட்டாரு."

வழிகாட்டி என் கையைப் பிடித்து இறக்கினார். அந்த வயதில், ஒரே நாளில் இரண்டாம் தடவை அவரை மலையேற வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு என்பது அப்போதே உறைத்தது. ஆனால் என் மனது அந்த எட்டிப் பார்த்த தலையிலேயே நின்றது. நான் அங்கே இல்லை என்று தெரிந்திருக்கிறது. ஒரு குரல் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் பொய் வெளியே வந்திருக்கும். ஒன்றரை மணி நேரம், அடிவாரம்வரை, மேனேஜரைப் போலப் பேசிக் காட்டிக்கொண்டே இறங்கியிருக்கிறார்.

அடிவாரத்துக்கு வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வேன் டிரைவர்தான் முதலில் ஓடிவந்தார். மந்தைவெளிக்காரர்.

"இன்னாம்மா, எங்க பூட்டீங்க? போன் பண்ணேன்னு சொல்லிக்கினு இருக்காரு சாரு. இங்க சிக்னல் எங்க கீது? எல்லாம் பேஜாராயிட்டாங்கம்மா."

என் கணவர் வேனுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது. பயந்திருக்கிறார் என்று தெரிந்தது. அந்தக் கணம் அவர் பக்கத்தில் வந்து ஒரு வார்த்தை, ஏதாவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இதை நான் இன்று எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"உக்காருன்னு சொன்ன இடத்துல உக்காரத் தெரியாதா உனக்கு? எத்தனை பேருக்குக் கஷ்டம் பாத்தியா?"

குழுவை நடத்துகிற பிள்ளை நடுவில் வந்தார். "சார், போதும். நீங்க வேன்ல ஏறுங்க." அவ்வளவு மெதுவாகச் சொன்னார். என் கணவர் ஏறினார்.

எனக்கு முன் இருக்கை கொடுத்தார்கள். காலை நீட்டி உட்கார வசதியாக இருக்கும் என்று. வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரத்தில், பின்னாலிருந்த ஒரு பெண், "ஆன்ட்டி, உங்க புளிசாதம் சூப்பர். எல்லாருக்கும் வந்துச்சு" என்றாள். நல்ல பெண். ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று சொன்னாள். நான் காலையிலிருந்து பிஸ்கட்டைத் தவிர எதையும் சாப்பிடவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது. "அப்படியாம்மா" என்றேன்.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் நாங்கள் பேசவில்லை. நாலாம் நாள் அவர் பேச ஆரம்பித்தார், கேஸ் சிலிண்டர் புக் பண்ணியாச்சா என்று. பண்ணியாச்சு என்றேன். அப்படியே எல்லாம் பழையபடி ஆனது. நான் கேட்டிருக்க வேண்டும். ஏன் தொட்டியில் எட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனீர்கள் என்று. கேட்டால் அவர் பதிலுக்குக் கேட்பார், எங்கள் சத்தம் உனக்குக் கேட்டதா இல்லையா என்று. என்னால் அதற்குப் பொய் சொல்ல முடியாது. அதனால் கேட்கவில்லை. தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்தின்போது, ஒருவர் என்னைத் தேடட்டும் என்று வேண்டுமென்றே மௌனமாக இருந்தேன் என்று சாமியாரிடம் சொன்னேன். எனக்குப் பின்னால் வரிசை நீளமாக இருந்தது. பரிகாரமாக மூன்று 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லச் சொன்னார்.

கணவாயில் குழுவாக எடுத்த படத்தை என் கணவர் லஸ்ஸில் ஒரு கடையில் கொடுத்துச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். வருகிறவர்கள் பார்ப்பார்கள். "மேடம் போகலையா?" என்று கேட்பார்கள். "பாதியிலயே உக்காந்துட்டா" என்பார். ஒருமுறை, மைத்துனர் குடும்பம் முழுவதும் வந்திருந்தபோது, நான் அடுப்படியிலிருந்தே, "நானும் கணவாய்க்குப் போனேன்" என்றேன்.

"ஆமாமா, போனா. நாங்க எல்லாம் எறங்கினதுக்கப்புறம். மேகத்துக்குத்தான் தெரியும்" என்றார் அவர்.

சிரித்தார்கள். என் கையில் போட்டோ இல்லை. என் போன் அவருடைய பையில் இருந்தது. என்னோடு வந்தவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. எஸ்டேட் பெயரும் கேட்டுக்கொள்ளவில்லை. இப்படியாக நான் போகவில்லை என்று ஆகிவிட்டது. மாம்பலம் ஸ்டேஷன் கதைக்குப் பக்கத்தில் இதையும் இப்போது சொல்கிறார்கள்.

மகளிடம் முழுவதையும் சொன்னேன், போனில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு, "அம்மா, அப்பா பண்ணது பெரிய தப்பு. ஆனா நீயும் கூப்பிட்டிருக்கலாம்ல?" என்றாள். கூப்பிட்டிருக்கலாம். சரியாகத்தான் சொன்னாள். அன்றிலிருந்து அவளிடமும் நான் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அந்தக் குழுவிலிருந்து அவருக்கு அழைப்பு வருவது நின்றுவிட்டது. யாரும் எதுவும் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் புதிதாக ஒரு குழு தொடங்கி, அதில் அவரைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். அவருக்கு அது வேறு யார் மூலமாகவோ தெரியவந்தது. ஒரு மாதம் பெசன்ட் நகர் பக்கமே போகவில்லை. பிறகு காலை நடையையும் விட்டார். சர்க்கரை மறுபடி ஏறியது. சாப்பாட்டுத் தட்டின் முன் பழைய எரிச்சலும் திரும்பி வந்தது. "உன்னால போச்சு" என்று ஒருநாள் ரசத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார். எது போச்சு என்று நான் கேட்கவில்லை.

போன மாதம் என் முட்டியைக் காட்ட அடையாற்றில் ஒரு எலும்பு டாக்டரிடம் போனோம். மாடிப்படி ஏறவே முடியாமல் ஆகிவிட்டது. பள்ளியில் என் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றித் தந்திருக்கிறார்கள். டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். ஜவ்வு கிழிந்து, நாளாகிவிட்டதால் எலும்பும் தேய்ந்திருக்கிறது என்றார். ஆபரேஷன் செய்தாக வேண்டும்.

"எப்ப ஆரம்பிச்சது? ஏதாவது விழுந்தீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் என் கணவர் சொன்னார். "ஒரு மலைக்குப் போனோம் டாக்டர். வேண்டாம்னு சொல்லி பாதியிலயே உக்கார வச்சேன். கேக்காம தனியா ஏறிப் போயிட்டாங்க. மேல வரைக்கும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். "மேல வரைக்கும் போனீங்களா? இந்த முட்டியோடவா?"

"போனேன் டாக்டர்" என்றேன்.

இரண்டு வருடத்தில் அவர் அதை ஒப்புக்கொண்டது அந்த ஒரு தடவைதான். குற்றம் சாட்டுவதற்காக ஒப்புக்கொண்டார். அதை டாக்டர் கணினியில் ஆங்கிலத்தில் தட்டிக்கொண்டார். வெளியே வந்து மருந்துக்கடையில் மாத்திரை வாங்கினோம். அவர் ஆட்டோ பிடிக்க ரோட்டின் அந்தப் பக்கம் போய்விட்டார். நான் சிக்னல் விழும்வரை இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.